கையாற் கண்ட முதன்மையெண்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மையெண் என்பர். 1 இவற்றுட் சேராது. இத்தகைய எண்கள் முடிவில்லாதன என்பதை யூகிளிட்டு கி.மு. 300ஆம் ஆண்டளவில் நிறுவினார். ஆயினும், முடிவில்லாதன என அறிதல் வேறு. குறித்த ஒரு பேரெண் முதன்மையெண்ணே எனத் துணிதல் வேறு. இத்துணிவு எவ்வாறு கைகூடிற்று என்பதை 39 இலக்கங்கொண்ட ஓரெண்ணின் வரலாறு விளக்கும்.

2இன் 127ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழிக்க வருவதே அவ்வெண்: 170141183460469231731687303715884105727. இவ்வகை எண்கள் மரின் மேர்சென் என்னும் பிரான்சு நாட்டுத் துறவியின் பெயரால் வழங்குகின்றன. 257 வரையுள்ள வலுக்களுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே முதன்மையெண்களைத் தருமென அவர் 1644இல் உரைத்தார், நிறுவல் காட்டினாரல்லர்.

31ஆம் வலு தரும் 2147483647 முதன்மையெண்ணே என்பது ஒயிலரின் முடிபாக 1772இல் வெளிவந்தது. வகுத்துப் பார்க்கவேண்டிய எண்களின் தொகையை அவர் பெரிதுங் குறைத்தார். எனினும் அவர் வழியும் வகுத்துப் பார்க்கும் வழியே. இதனினும் பெரியதைத் தேட எவரும் முயலார் என்னுங் கருத்துப்பட, ஆங்கிலேயக் கணிதரான பீற்றர் பார்லோ 1811இல் எழுதினார்.

127ஆம் வலுவுக்கு அவ்வழி உதவாது. இருபது இலக்க எண்கள்வரை வகுத்துப் பார்த்தல் மனித ஆயுளுக்கு அடங்குவதன்று. பிரான்சு நாட்டுக் கணிதர் எட்வார்ட் லூக்கா 1876இல் வகுத்தலைக் கைவிட்டு வேறொரு சோதனையைக் கண்டார். 1930இல் லேமர் அதனை எளிமையாக்கினார். 5ஆம் வலு தரும் 31ஐ அவ்வெளிய வடிவிற் சோதிப்போம். 4இல் தொடங்கி, வர்க்கித்து 2ஐக் கழிக்க 14 வரும். மீண்டும் அவ்வாறே செய்ய 194 வரும்; அதனை 31ஆல் வகுக்க மீதி 8. எட்டை வர்க்கித்து 2ஐக் கழிக்க 62. இது 31ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 31 முதன்மையெண். இங்கே படிகள் மூன்று. 127ஆம் வலுவுக்கோ 125 படிகளே. எண்கள் பெரியனவாயினும் வேலைக்கு எல்லையுண்டு.

அதே ஆண்டில், 67ஆம் வலு தரும் எண் முதன்மையெண் அன்றென்பதையும் லூக்கா காட்டினார். ஆனால், அதன் காரணிகள் எவையென அவருந் தெரிந்திலர். 27 ஆண்டுகளின் பின், 1903இல், நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்திலே கோல் என்பார் அவை 193707721, 761838257287 என வெளியிட்டார். காரணி அறியாமலே ஓரெண் பகுபடும் என அறியலாம் என்பது இதனால் விளங்கும். மேர்செனின் பட்டியலில் 67உம் 257உம் பிழையாகப் புகுந்தவை. 61, 89, 107 ஆகியன விடுபட்டவை. 127 பற்றிய அவர் கூற்றோ மெய்யாயிற்று.

லூக்கா கண்ட எண் 1951வரை அறியப்பட்ட முதன்மையெண்களுள் மிகப் பெரியதாய் நின்றது. 1952இல் றொபின்சன் அமைத்த நிரலைக்கொண்டு ஒரு கணினி 521, 607ஆம் வலுக்கள் முதன்மையெண்களைத் தருமெனக் கண்டது. 2024இல் அறிவிக்கப்பட்ட எண் 136279841ஆம் வலுவினின்று பெறப்பட்டது, இலக்கங்கள் 41024320. அதனையும் இறுதியில் உறுதிசெய்தது லூக்கா–லேமர் சோதனையே.

பார்லோ பிழைபட்டது எண்களைப் பற்றியன்று. மனிதர் ஆர்வத்தையும் அவர்தம் வழிகளையும் பற்றியே. வகுத்தல் ஒன்றே வழியாயின் அவர் கணிப்பு நெடுங்காலம் நின்றிருக்கும். பொறிகள் வேகத்தைக் கொடுத்தன. வழியைக் கொடுத்ததோ, பொறிகள் தோன்றுமுன் கையாற் கணித்த ஒருவரின் சிந்தனையே.