ஓய்வூதியம் (தாம்பரம் வட்டாரம்)

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் உள்ளிட்ட சென்னையின் தென்புறநகரில் மூன்று வகை ஓய்வூதியதாரர்கள் ஒரே தெருவில் வாழ்கிறார்கள்: ரயில்வே, விமானப்படை, அரசுத் துறைகளில் இருந்து ஓய்வு பெற்றோர், தனியார் ஆலைகளில் உழைத்து பி.எஃப். பென்ஷன் வாங்குவோர், முதியோர் உதவித்தொகை பெறுவோர். செலவு கட்டுக்கு மீறுகிறது என்ற கவலை எழுந்த போதெல்லாம் அரசுகள் ஒரு தேதியைக் குறித்தன. அதற்குப் பின் பணியில் சேர்ந்தவருக்கோ ஓய்வு பெற்றவருக்கோ விதியை மாற்றின. இவ்வட்டாரத்து ஓய்வூதிய வரலாறு பெரும்பாலும் அத்தேதிகளின் வரலாறே.

1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது ரயில்வேயில் ஓய்வு பெறுவோருக்குக் கிடைத்தது சேமநிதியின் மொத்தத் தொகை. மாத ஓய்வூதியம் 1957 நவம்பர் 16 முதல்தான் வந்தது. சேமநிதியே போதும் என்று எழுதிக்கொடுத்தவர்கள் நெடுநாள் வாழ்ந்தபோது விலைவாசி அந்தத் தொகையைத் தின்றுவிட்டது.

1979 மார்ச் 31ஐ எல்லையாக வைத்து, அதற்கு முன் ஓய்வு பெற்றோருக்கு உயர்த்தப்பட்ட கணக்கீட்டை மத்திய அரசு மறுத்தது. அதை எதிர்த்த நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று அந்தப் பாகுபாட்டை நீக்கியது. ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடை அல்ல, உழைப்பால் ஈட்டிய உரிமை என்றது. ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் அந்நாளைக் கொண்டாடுகின்றன.

அரசு ஊழியருக்கான இந்தப் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் தனி நிதி எதுவும் கிடையாது. அந்தந்த ஆண்டின் வரி வருவாயிலிருந்தே பணம் தரப்பட்டது. ஓய்வு பெற்றோர் எண்ணிக்கையும் ஆயுளும் கூடக் கூடச் சுமையும் ஏறியது. தமிழ்நாடு அரசு 2003 ஏப்ரல் 1 முதலும் மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதலும் புதிதாகச் சேர்ந்தோரைப் பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றின. முப்படையினருக்கு மட்டும் விலக்கு. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் ஒரே வார்டில் ஒரே வேலை பார்த்த இரு செவிலியர்களுக்கு, பணியில் சேர்ந்த தேதியைப் பொறுத்து இருவேறு முதுமை விதிக்கப்பட்டது. மாநிலத் திட்டத்தில் ஊழியர் 10 விழுக்காடு செலுத்த, அரசும் அதே அளவு சேர்த்தது. ஓய்வின்போது சேர்ந்த தொகை கையில் வந்ததே தவிர, மாதந்தோறும் பென்ஷன் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படியே விட்டது பெரும் அநீதி. ஆசிரியர், அரசு ஊழியர் அமைப்புகளின் நெடும் போராட்டத்துக்குப் பின், 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டம் கடைசி ஊதியத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதி செய்து, ஊழியரின் 10 விழுக்காட்டுப் பங்களிப்பையும் தொடர்கிறது. நியாயத்தையும் நிதி வலுவையும் சேர்த்துப் பார்த்த முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

இந்த வாதங்களில் அதிகம் பேசப்படாதவர்கள் தனியார் தொழிலாளர்கள். 1984இல் சானடோரியம் பகுதியில் உருவான ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ், புறநகர்ப் பெண்கள் பலருக்கு ஆலை வேலை தந்தது. 1995 நவம்பர் 16இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 விழுக்காடு பென்ஷன் நிதிக்குப் போகிறது. சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் பென்ஷன். 2014 செப்டம்பரில் வந்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பின்படி, 15 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் சுமார் 3,214 ரூபாய், அகவிலைப்படி கிடையாது. நிதிப் பற்றாக்குறையைக் காட்டி, சம்பளச் சராசரி எடுக்கும் காலத்தையும் அப்போதே கடைசி 12 மாதத்திலிருந்து 60 மாதமாக்கினார்கள். பத்தாண்டு நிறைவதற்குள் பிள்ளைப்பேற்றுக்கோ வீட்டுப் பொறுப்புக்கோ வேலையை விட்ட பெண்ணுக்கு மாத ஓய்வூதியமே இல்லை. பெரும்பாலோர் இருந்த சிறு தொகையை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்தார்கள். சோப்புக்கும் எண்ணெய்க்கும் அவர்கள் கட்டும் வரியில் அரசு ஊழியரின் ஓய்வூதியமும் அடங்கியிருக்கிறது.

முதியோர் உதவித்தொகையை மாநில அரசு 1962இல் தொடங்கியது. 2023இல் அது மாதம் 1,200 ரூபாயானது. அதில் 60 முதல் 79 வயது வரையானவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 200 ரூபாய் மட்டுமே. தொழிலாளர் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியமோ 2014இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டு, பத்தாண்டு கடந்தும் அப்படியே நின்றது. பங்களித்து உழைத்தவருக்கு உதவித்தொகையைவிடக் குறைவாகக் கொடுக்கும் கணக்கை நிதிச் சிக்கனம் என்று நியாயப்படுத்த முடியாது.