சலவைக் குறியும் சேராங்கொட்டையும்

1/ சாந்தோம், மயிலாப்பூர்ப் பெரியவங்களைக் கேளுங்க. சலவைக்குப் போன துணியில ஒரு கறுப்புக் குறி இருக்கும், எத்தனை வெளுத்தாலும் போகாது. அது சேராங்கொட்டைச் சாறு. சுண்ணாம்பு சேர்த்தா நிலைச்சிடும்.

2/ 1943. போருக்காக இந்தியா வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரிப்பு, கொப்புளம். சலவைக் குறி தோல்ல பட்ட இடத்துல! அவங்க டாக்டர்கள் காரணத்தைக் கண்டுபிடிச்சு அந்த வருஷமே மருத்துவ இதழ்ல எழுதினாங்க.

3/ அவங்க ஊர்ல தோலைப் புண்ணாக்கும் பாய்சன் ஐவி கொடியும் இந்த மரமும் ஒரே குடும்பம். முந்திரி, மாவும்தான். ஒண்ணு ஒத்துக்கலைன்னா இன்னொண்ணும் ஒத்துக்காம போகலாம்.

4/ கறுப்பா, இதய வடிவுல இருக்கும் கொட்டை. வீடியோ பார்த்துத் தோல்ல தடவாதீங்க, சாப்பிடாதீங்க. சாறு பட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க. கொப்புளம் வந்தா டாக்டரைப் பாருங்க.