கணிப்பொறிக்கு ஓர் உரைகல்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. கணிப்பொறியின் வேகத்தை அறிவது எப்படி? 'விநாடிக்கு இத்தனை இலட்சம் கூட்டல்' என்று விற்பவர் சொல்வார். ஆனால் கூட்டலில் முந்தும் பொறி வகுத்தலில் பின்தங்கலாம். மக்களின் வரிப்பணத்தில் கணிப்பொறி வாங்கும் ஓர் அரசு எந்தக் கணக்கை நம்புவது?

இங்கிலாந்தில், டெடிங்டன் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிரையன் விச்மன் இதற்கு ஒரு வழி வகுத்தார். விலைவாசிக் குறியீட்டெண் கணிப்பவர்கள் ஒரு குடும்பம் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெயைக் கணக்கெடுப்பார்கள் அல்லவா? அதுபோல், அறிவியலாளர்கள் கேடிஎஃப்9 என்னும் கணிப்பொறியில் உண்மையாகவே ஓட்டிய புரோகிராம்களில் எந்தெந்த ஆணை எத்தனை முறை நிறைவேறுகிறது என்று அவர் எண்ணினார். புரோகிராமைப் பொறிக்கு ஏற்ற ஆணைகளாக மாற்றித் தரும் மென்பொருளைக் கம்பைலர் என்பர். அவர் பயன்படுத்திய கம்பைலர் லெஸ்டர்ஷயரிலுள்ள வெட்ஸ்டோன் என்ற சிற்றூரில் உருவானது.

அதே விகிதத்தில் ஆணைகள் கலந்து வருமாறு ஹரால்டு கர்னோ 1972இல் ஒரு சோதனைப் புரோகிராம் எழுதினார். ஊர்ப் பெயரே அதற்கும் நிலைத்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சாணைக்கல் என்பது பொருள், பொருத்தம்தான்! இருவரும் 1976இல் அதன் விவரங்களை வெளியிட்டனர். தசமப் புள்ளி எண்களைக் கொண்டு போடும் கணக்குகளே அதில் மிகுதி. ஆகவே பிற வகை வேலைகளுக்கென ரைன்ஹோல்டு வைக்கர் 1984இல் வேறொன்று அமைத்தார். 'வெட்' என்றால் ஈரம் என்றும் காதில் விழுமே. அவர் தம்முடையதற்கு 'டிரைஸ்டோன்', அதாவது உலர்கல், என்று பெயரிட்டார்.

இங்கேதான் ஒரு சிக்கல். இச்சோதனைகளில் வரும் விடை எவருக்கும் வேண்டியதில்லை; நேரம் மட்டுமே வேண்டும். கெட்டிக்காரக் கம்பைலர் ஒன்று, 'பயன்படாத விடைக்குக் கணக்கு எதற்கு?' என்று சில வரிகளையே நீக்கிவிடும். பொறி வேகமானதாகத் தோன்றும்; வாங்கியவருக்கோ ஆதாயம் எதுவும் இல்லை. வைக்கர் 1988இல் தம் சோதனையைத் திருத்த வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில் சில அமெரிக்க நிறுவனங்கள் கூடி 'ஸ்பெக்' அமைப்பை நிறுவின. பாவனைக் கணக்குகளுக்குப் பதிலாக, பெரும்பாலும் உண்மையான வேலைகளுக்கென எழுதிய பத்துப் புரோகிராம்களை அது 1989இல் தொகுத்தது. அவற்றுள் 'மேட்ரிக்ஸ்300' என்பது பெரிய எண் அட்டவணைகளைப் பெருக்குவது. அதன் நேரத்தில் 99 விழுக்காடு ஒரே ஒரு வரியில் கழிந்தது! கம்பைலர் எழுதுவோர் விடுவார்களா? அட்டவணையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, விரைவு நினைவகத்தில் அடங்கும் அளவில் ஒவ்வொன்றாகப் பெருக்கச் செய்தனர். அந்தச் சோதனையில் மட்டும் வேகம் பல மடங்கு எகிறியது. இதை ஏமாற்று வேலை என்று முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. அட்டவணைப் பெருக்கலை நம்பியிருக்கும் பொறியியலாளருக்கு அது மெய்யான உதவியே. ஆயினும் மற்ற வேலைகளுக்கு வாங்குவோரை அந்த எண் வழிதவறச் செய்யும்.

1992இல் ஸ்பெக் அந்தப் புரோகிராமை நீக்கியது. 1995, 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளிலும் வினாத்தாள் மாறியது.