பண்பாட்டுத் தொடர்பும் அரச அதிகாரமும்: ஃபொடெபா கெயிற்றாவின் கலைவாழ்வை முன்வைத்து ஒரு நோக்கு

தாயகத்தை விட்டு அகன்று வாழும் புத்திஜீவி தன் மக்களின் பண்பாட்டோடு எவ்வாறு உறவைப் பேணுகிறான் என்பது காலனித்துவ நாடுகளின் கலை இலக்கிய வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழும் வினாவாகும். இதனை வெறும் ஏக்கவுணர்வாகக் கொள்வோர் உளர். ஆயின், அவ்வுறவு யாருடைய தேவைக்குப் பயன்பட்டது, எவ்வதிகாரத்தைச் சார்ந்து நின்றது என்பனவே அதன் வரலாற்றுப் பெறுமதியைத் தீர்மானிக்கின்றன. மேற்கு ஆபிரிக்கக் கினி நாட்டவரான ஃபொடெபா கெயிற்றாவின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

கெயிற்றா 1921 இல் வடகிழக்குக் கினியிலே, மாண்டே மக்களிடையே பிறந்தவர். அம்மக்களிடையே 'ஜெலி' எனப்படும் பரம்பரைப் பாடகர், கோரா, பலஃபோன் முதலிய இசைக்கருவிகளுடன் குலவரலாறுகளையும் வீரர் புகழையும் பாடிவந்தனர். இவர்கள் சமூகத்தின் நினைவைக் காத்தவர்கள். அதேவேளை புரவலரின் கொடையில் வாழ்ந்து அவர் புகழ் பாடியவர்கள். இவ்விருமைத்தன்மை பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

செனகலின் வில்லியம் பொன்ரி கல்லூரியிற் பயின்றபின் சட்டங்கற்கப் பாரிஸ் சென்ற கெயிற்றா, அங்கு எழுத்தையும் இசையையும் ஒருங்கிணைத்தார். அவரது 'ஆபிரிக்க வைகறை' என்னும் கவிதை, இசைக்குறிப்புகள் இடையிடப்பட்டு, கிற்றாரின் துணையுடன் நிகழ்த்தப்படுவதற்கென எழுதப்பட்டது. பிரான்சுக்காகப் போரிட்டு மீண்ட ஆபிரிக்கப் படையினர் தமக்குச் சேரவேண்டிய ஊதியத்தைக் கேட்டமைக்காக, 1944 டிசெம்பர் 1 அன்று டக்காருக்கு அருகிலுள்ள தியாரோயிற் பிரெஞ்சு இராணுவத்தாற் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வாறு மாண்ட ஒரு விவசாயியின் கதையே அக்கவிதையின் பொருள். 1950களின் முற்பகுதியில் அவர் பாரிசில் நிறுவிய 'ஆபிரிக்க பலே' குழு பல நாடுகளுக்குப் பயணஞ்செய்தது. 1959 இல் நியூயோர்க்கிலும் ஆடியது. கிராமச் சடங்கிலும் அறுவடையிலும் ஆடப்பட்டவை அந்நிய அரங்கிற் காட்சிப்பொருளாயின என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஆபிரிக்கருக்கு வரலாறு இல்லை என்ற காலனித்துவக் கருத்துநிலைக்கு அது விடுத்த சவால் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

1958 செப்டெம்பர் 28 அன்று நடந்த குடியொப்பத்தில் டிகோலின் திட்டத்தை நிராகரித்த கினி, ஒக்டோபர் 2 அன்று சுதந்திரமடைந்தது. 'ஆபிரிக்க பலே' தேசியக் குழுவாயிற்று. அரசு பிராந்தியந்தோறும் இசைக்குழுக்களை அமைத்தது. 1960களின் பிற்பகுதியில் பெம்பேயா ஜாஸ் குழுவினர், பிரெஞ்சுப் படையெடுப்பை எதிர்த்த சமோரி தூரேயைப் போற்றிய நெடும்பாடலை இசைத்தனர். ஜனாதிபதி செக்கு தூரே தம்மைச் சமோரியின் வழித்தோன்றல் எனக் கூறிக்கொண்டவர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மன்னனின் இடத்தை அரசு பெற்றது. ஜெலி அரச ஊழியராயினார்.

இம்மாற்றத்தின் விலை பெரிது. சுண்டியாட்டாவின் கதையை ஒரு ஜெலியின் வாய்மொழியிலிருந்து எழுத்திற் பதித்து 1960 இல் வெளியிட்ட டி. ரி. நியான், 1961 இல் ஆசிரியர் சங்கத்தின் மீதான அடக்குமுறையின்போது சிறையிடப்பட்டார். அன்றைய அரசில் முக்கிய அமைச்சராயிருந்தவர் கெயிற்றா. அவரும் 1969 இற் சதிக்குற்றஞ் சாட்டப்பட்டு, கொனாக்ரியிலுள்ள போய்ரோ முகாமிற் கொல்லப்பட்டார்.

ஃபிரான்ஸ் ஃபனோன் 1961 இல் வெளியிட்ட நூலின் தேசியப் பண்பாடு பற்றிய இயல், செக்கு தூரேயின் வாசகத்தை முகப்பிற் கொண்டுள்ளது. கெயிற்றாவின் கவிதையை விரிவாக ஆராய்வதும் அதே இயல்தான். எட்டாண்டுகளில் முன்னவரின் ஆட்சி பின்னவரின் உயிரைப் பறித்தது.

இக்கொடுமையைக் காட்டிக் கினியின் ஏகாதிபத்திய எதிர்ப்பே பொய் என்போரின் வாதம் ஏற்புடைத்தன்று. ஏகாதிபத்திய எதிர்ப்பின் பெயரால் இதனை மூடிமறைப்பதும் முற்போக்காளருக்குத் தகாது. கெயிற்றா பாரிசிலிருந்து பேணிய உறவு, கொலையுண்ட விவசாயியின் பக்கம் நின்று பேசியபோது மக்களுடனான உறவாயிருந்தது. அமைச்சிலிருந்து அவர் பேணிய உறவில், மக்கள் புகழ்பாடுவதற்கு மாத்திரமே அழைக்கப்பட்டனர். கலைவடிவம் மாறவில்லை, அதனைக் கேள்விகேட்கும் உரிமையே பறிபோயிற்று. அவ்வுரிமை இல்லாதவிடத்துப் பண்பாட்டுத் தொடர்பு என்பது புரவலனுக்குப் பாடப்படும் புகழ்ப்பாடலாகவே எஞ்சுகிறது.