இசைத்தட்டு உறை

இசைத்தட்டு உறை, தட்டில் கீறல் விழாமல் காக்கும் வெறும் அட்டையாகத் தொடங்கிய பொருள். பின்னாளில் உள்ளே இருப்பது எவ்வகை இசை, யாருடைய இசை என்பதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடும் அச்சுக்கலையாக வளர்ந்தது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளின் காலத்தில் ஒரு சிம்பொனிக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைச் சேர்த்து, பழுப்பு அல்லது சாம்பல் நிற அட்டை போட்டு பைண்டு செய்து விற்றார்கள். பெத்தோவனாக இருந்தாலும் நடனப் பாட்டாக இருந்தாலும் அட்டை ஒன்றுதான். அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் 1939-இல் சேர்ந்த இளம் வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டெயின்வைஸ் இதை மாற்றினார். மறு ஆண்டு, ராட்ஜர்ஸ்–ஹார்ட் இணையரின் பாடல் தொகுப்புக்காக நியூயார்க் இம்பீரியல் தியேட்டரின் விளக்குப் பலகையில் எழுத்துகளை மாற்ற வைத்துப் படம் எடுக்கச் செய்தார், அதுவே உறையானது. படம் போட்ட உறையோடு வந்தபின் பெத்தோவனின் ‘எரோய்க்கா’ சிம்பொனியின் விற்பனை 895 சதவீதம் உயர்ந்ததாக நியூஸ்வீக் எழுதியது. 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்ததும், 12 அங்குலச் சதுரம் வடிவமைப்பாளர்களின் களமாயிற்று.

அந்தச் சதுரத்தை மிக நன்றாக ஆண்டது ஜாஸ் நிறுவனமான புளூ நோட். ஒலிப்பதிவுக் கூடத்தில் பிரான்சிஸ் வுல்ஃப் படம் எடுப்பார். 1950-களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுகள் ரீட் மைல்ஸ் அதை உறையாக்குவார். கையில் பணம் குறைவு என்பதால் பல உறைகளில் கறுப்போடு இன்னொரு நிறம் மட்டுமே. அந்தச் சிக்கனமே அடையாளமாகிவிட்டது. ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெயின்’ உறையைப் பாருங்கள்: முழுப் படமும் நீலம், ஒரு கை பிடரியில், முகத்தில் ஆழ்ந்த யோசனை. வாசிக்கும் காட்சியே இல்லை. ஆனாலும் இது பொறுமையாகக் கேட்க வேண்டிய இசை என்று புரிந்துவிடுகிறது. ஜாக்கி மெக்லீனின் ‘இட்ஸ் டைம்!’ உறையிலோ இருநூறுக்கும் மேற்பட்ட ஆச்சரியக்குறிகள் அணிவகுக்கின்றன. கலைஞரின் படம் தபால்தலை அளவுதான். இத்தனைக்கும் மைல்ஸ் ஜாஸ் ரசிகர் அல்லர், மேற்கத்திய செவ்வியல் இசையையே விரும்பியவர்.

இசையைக் கேட்கும் முன்பே சொல்லும் வேலை உறையோடு நிற்கவில்லை. 1966-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ராக் கச்சேரிகளின் சுவரொட்டிகள் புளூ நோட்டின் சிக்கனத்துக்கு நேரெதிர் வழியில் போயின. ஃபில்மோர் அரங்குக்காக வெஸ் வில்சன் வரைந்த எழுத்துகள் வீங்கி நெளிந்து, இருக்கும் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டன. நின்று உற்றுப் பார்த்தால்தான் குழுவின் பெயர் தெரியும். அப்படி நிற்பவரே அந்த இசைக்கான ஆள்.

பங்க் இசைக்கு அடையாளம் தந்தவர் ஜேமி ரீட். செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டியது போன்ற எழுத்துகளால் 1977-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் உறையை அமைத்தார். ஈராண்டு கழித்து ஜாய் டிவிஷனின் ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ ஆல்பத்துக்கு, பல்சார் விண்மீன் ஒன்றின் ரேடியோ அலைகளைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக வைத்தார் பீட்டர் சாவில். முன்புறத்தில் குழுவின் பெயரே இல்லை. அந்தக் கோடுகள் இன்றும் டி-ஷர்ட்டுகளில் விற்கின்றன.

குறுந்தகடு வந்தபோது உறை ஐந்து அங்குலத்துக்குச் சுருங்கியது. கைபேசித் திரையில் அது நகத்தளவுதான். அளவை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: உறையைச் செய்தவரின் பெயர். புளூ நோட் உறைகளின் பின்பக்கத்தில் படமெடுத்த வுல்ஃபின் பெயரும் வடிவமைத்த மைல்ஸின் பெயரும் அச்சாகியிருந்தன. பாட்டுச் செயலிகளும் உறைக்குக் கீழே அதைச் செய்தவரின் பெயரைப் போட வேண்டும்.