மனநோயும் மெடிசேவும்: 25 ஆண்டுக் காத்திருப்பு

தஞ்சோங் பகாரை அடுத்துள்ள சிப்பாய் லைன்ஸ் என்றதும் பலருக்கும் சிங்கப்பூர் பொது மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்ததால் வந்த பெயர் அது. அங்கே காலேஜ் ரோட்டில் 1887ல் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி கட்டப்பட்டது. அதற்கு முன் 1841ல் பிராஸ் பாசாவிலும், 1862ல் லிட்டில் இந்தியாவை ஒட்டிய கண்டாங் கெர்பாவிலும் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1928ல் ஈயோ சூ காங்கிற்கு மாறிய மருத்துவமனை பின்னர் உட்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்றது. 1993ல் புவாங்கோக்கில் மனநலக் கழகம் உருவானது.

நகரை விட்டு விலகி விலகிச் சென்றது மருத்துவமனை மட்டுமல்ல. சிகிச்சைக்கான பணமும் மனநோயாளியை விட்டு எட்டியே நின்றது.

1984ல் மெடிசேவ் வந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியை மருத்துவச் செலவுக்கென்று சேர்த்து வைக்கும் ஏற்பாடு அது. 1990ல் மெடிஷீல்டு காப்புறுதி வந்தபோது மனநோய் அதில் சேர்க்கப்படவில்லை. நாட்பட்ட நோய்களுக்காக மருந்தகத்துக்குச் சென்று வருவோர் மெடிசேவைப் பயன்படுத்தலாம் என்ற திட்டம் 2006ல் நீரிழிவுடன் தொடங்கியது. மனச்சிதைவுக்கும் கடும் மனச்சோர்வுக்கும் அந்தச் சலுகை 2009 அக்டோபரில்தான் கிடைத்தது. மெடிசேவ் பிறந்து அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன! இருதுருவ மனநோயும் முதுமை மறதி நோயும் 2011லும், பதற்ற நோய் 2014லும் சேர்ந்தன.

மருத்துவமனையில் தங்கிப் பெறும் மனநலச் சிகிச்சைக்கு மெடிஷீல்டு 2013 மார்ச்சில் பணம் தரத் தொடங்கியது. நாளுக்கு 100 வெள்ளி, ஆண்டுக்கு 35 நாள் என்பது வரம்பு. 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப், ஏற்கெனவே நோயுள்ளவர்களையும் ஏற்றுக்கொண்டது. 2021 மார்ச்சில் வரம்பு 160 வெள்ளியாகவும் 60 நாளாகவும் உயர்ந்தது. தற்கொலை முயற்சியால் ஏற்படும் சிகிச்சைச் செலவும் அப்போது காப்புறுதிக்குள் வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மருத்துவமனையில் படுத்தவருக்குக் காப்புறுதி கைகொடுக்கிறது. படுக்கும் நிலை வராமல் மாதந்தோறும் மருந்தகத்துக்குப் போய் வருபவருக்கு? 2009ல் ஒரு கணக்கிலிருந்து ஆண்டுக்கு 300 வெள்ளிதான் எடுக்க முடிந்தது. 2021ல் அது 500 வெள்ளியாகவும், சிக்கலான நோயுடையவர்களுக்கு 700 வெள்ளியாகவும் இருந்தது. அதுவும் அவரவர் சேமிப்பு. இல்லாவிட்டால் பிள்ளை, பெற்றோர், துணைவரின் சேமிப்பு. வேலையை இழந்த நோயாளியின் கணக்கில் சேமிப்பு எப்படி வளரும்?

செலவுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்துபவர் மீண்டும் நோய் முற்றி மருத்துவமனைக்கே வரக்கூடும். கண்டாங் கெர்பாவிலும் சிப்பாய் லைன்ஸிலும் அன்று கட்டப்பட்டவை தங்கும் விடுதிகள். இன்று தேவைப்படுவதோ, வீட்டிலிருந்தே வந்து போகக்கூடிய மருந்தகம். அதற்குத் தயங்காமல் செலவு செய்யக்கூடிய வழி.