கோயில் கட்டக் காசு சேர்த்தல்: குருவும் தொண்டரும் பங்கிட வேண்டிய வேலை

வன்னியில் மீள்குடியேறிய பல கத்தோலிக்கக் கிராமங்களில் முதலில் கொட்டிலில்தான் பூசை நடந்தது. கோயிலை எழுப்பும் பேச்சு பிறகே வந்தது. அப்படியொரு பங்கின் நிதிக்குழுவில் நான் செயலாளராக இருந்தேன். வீடே அரைகுறையாகக் கிடந்த சனத்திடம் கோயிலுக்குக் காசு கேட்பது இலேசான காரியமல்ல. யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் அனுமதி. திருச்சபைச் சட்டத்தின் 1265ஆம் பிரிவின்படி ஆயரின் எழுத்துமூல அனுமதியின்றித் தனியாட்கள் திருச்சபைத் தேவைக்கென நிதி திரட்ட முடியாது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் இருக்கின்றன. வவுனியாவோ 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லை தாண்டினால் அங்குள்ள ஆயரின் அனுமதியும் வேண்டும். கடிதம் கைக்கு வந்தபிறகே பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிடுங்கள்.

அயல் பங்குக் குருக்களிடம் பங்குத்தந்தையே பேச வேண்டும். நாங்கள் போய்க் கேட்டால் சுவாமிமார் மறுக்கவும் சங்கடப்படுவார்கள், சம்மதிக்கவும் தயங்குவார்கள். அவர்களுடைய திருவிழா, நவநாள் காலத்தைத் தவிர்த்து ஒரு ஞாயிறு பூசையில் ஐந்து நிமிடம் கேட்டால் போதும். காசைக் குரு கையாளாமல் இருப்பது நல்லது. சந்தேகத்தினால் சொல்லவில்லை. சில வருடங்களில் அவர் இடம்மாறிப் போவார். கணக்கும் அவரோடு போய்விடக் கூடாது.

தொண்டர்களில் அன்பியத்துக்கு இருவர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள் எங்கள் பக்கம் அதிகம். பொழுதுபடும் நேரம் இரண்டு ஆண்கள் படலையடியில் போய் நிற்பது சரியில்லை. இளைஞர்களைச் சிரமதானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீடுவீடாகப் போவதற்கு, காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றித் தாய் சொல்வதை இருந்து கேட்கும் பொறுமை வேண்டும். சில வீடுகளில் காசுக்கதையே எடுக்காமல் எழும்பி வந்தோம்.

கமக்காரரிடம் காலபோக அறுவடை முடிந்தபிறகு போங்கள். கடற்றொழிலாளரிடம் ஒருநாள் உழைப்பைக் கேட்கலாம். கையில் ஒன்றுமில்லாதவர்களுக்குப் பழைய பிடியரிசி வழக்கம் இருக்கிறது: உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்து வைப்பது.

பூசையில் பெயரையும் தொகையையும் வாசிப்பதை நான் எதிர்த்தேன். "வாசிச்சால்தான் சனம் தரும்" என்றார் குழுவில் ஒரு பெரியவர். தரும்தான். ஆனால் இருநூறு ரூபா தந்த தாய் அடுத்த ஞாயிறு கடைசி வாங்கிலில்கூட இருக்கமாட்டார். கடைசியில் தொகையில்லாமல் பெயர்களை மட்டும் அகரவரிசையில் ஒட்டினோம்.

வெளிநாட்டுக் காசு பங்கின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரவேண்டும், இரண்டு கையெழுத்தோடு. மணிக்கூண்டுக்கென்று தந்ததைச் சுவருக்குத் திருப்பவும் கூடாது. 1267ஆம் பிரிவு அதற்கு இடங்கொடுக்காது. மக்கள் தந்ததற்கு மக்களுக்கே கணக்குக் காட்டச் சொல்கிறது 1287ஆம் பிரிவு. நாங்கள் மாதாமாதம் அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். வந்திறங்கிய சீமெந்துப் பைகளின் எண்ணிக்கையையும் அதில் எழுதினோம். சனம் கூடுதலாக வாசித்தது அதைத்தான்.